பரந்தன் கெமிக்கல் காணியில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குமரபுரம்:

போன கிழமை மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பழைய கெமிக்கல் பக்டரிப் பக்கமாக வந்தேன். தரம் மூன்றில் படிக்கிறாள். துருப்பிடித்து நிற்கிற இரும்புத் தூண்களைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது இடிஞ்சு போனதா, இல்லாட்டி இன்னும் கட்டி முடியேல்லையா?” என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் காங்கேசன்துறை சீமெந்து, வாழைச்சேனை காகிதம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்பட்டது, கிளிநொச்சிக்குப் பக்கத்தில் பரந்தனில் இருந்த எங்கள் இரசாயனத் தொழிற்சாலை. 1950களில் ஓடத் தொடங்கியது. 1980களின் நடுவில் யுத்தத்தால் நின்றது. ஓடிய காலத்தைவிட நின்ற காலம் இப்போது கூடிவிட்டது. 2009க்குப் பிறகு ஏ9 வீதிக்குக் கார்ப்பெட் போட்டார்கள். 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் வந்துவிட்டது. பெயர்த்தெடுத்த தண்டவாளத்தை ஐந்தாறு வருடத்தில் திரும்பப் போட முடிந்த நாட்டில், ஊருக்கு நடுவில் கிடக்கிற இந்தக் காணி மட்டும் அப்படியே கிடக்கிறது.

என் கதை இது. ரயில் வந்த வருடம், இந்தக் காணியை அளக்க ஆட்கள் வந்தார்கள். நான் அப்போது கூலி வேலைதான். அவர்களுக்குச் சங்கிலி பிடிக்கப் போனேன். மதகில் சிவப்புப் பெயின்ற்றில் இலக்கம் போட்டார்கள். பெரியவர் ஒருவர், நல்ல மனுசன், எங்கள் வீட்டில்தான் தேத்தண்ணீர் குடித்தார். “அடுத்த வருசம் இந்த நேரம் வேலை தொடங்கிடும், வெளியூர் ஆக்கள் தங்க இடம் தேடுவினம்” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி அம்மாவின் நகையை அடகு வைத்து, மிச்சத்துக்குக் கடன் எடுத்து, வளவில் தகரக் கூரையோடு நாலு அறை கட்டினேன். ஒருவரும் வரவில்லை. சில வருடம் கழித்து வேறு ஆட்கள் வந்து, அதே மதகில் நீலப் பெயின்ற்றில் வேறு இலக்கம் போட்டார்கள். அறைகளில் இரண்டில் இப்போது நெல் மூட்டை கிடக்கிறது. கடன் போன வருடம்தான் முடிந்தது. நகை மீளவில்லை.

அந்தப் பெரியவரில் எனக்குக் கோபம் இல்லை. அவரும் நம்பித்தான் சொன்னார். உங்களுக்கு என்ன நடந்தது? உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

கண்டாவளை:

தம்பி, நான் அங்கே வேலை செய்தவன். எழுபது தாண்டிவிட்டது, என் பேரன்தான் இதைத் தட்டித் தருகிறான்.

ஆனையிறவில் இருந்து உப்பு வரும். அதைக் கரைத்து, கழிவை அகற்றி, மின்சாரம் பாய்ச்சுவோம். கோஸ்டிக் சோடா ஒரு பக்கம், குளோரின் ஒரு பக்கம். சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் கோஸ்டிக், குடிதண்ணீர் சுத்திகரிப்புக்குக் குளோரின். வேலை மாறுகிற நேரம் சங்கு ஊதும். கடிகாரம் இல்லாத வீடுகளில் அந்தச் சங்குக்குத்தான் உலை வைப்பார்கள். குளோரின் கொஞ்சம் கசிந்தாலும் மூக்கு எரியும், ஈரத் துணியைப் பொத்திக்கொண்டு காற்று வருகிற பக்கத்தை நோக்கி ஓட வேணும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்போம்.

மீள்குடியேறி வந்த பிறகு ஒரு நாள் பார்க்கப் போனேன். வாசலில் சிங்களப் பெடியன் ஒருவன் காவலுக்கு நின்றான். உள்ளே விட முடியாது என்றான். முகாமிலும் தொலைக்காமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த என் பழைய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், “ஐயா உள்ளே போங்க, கவனம்” என்றான். நான் நின்று வேலை செய்த இடத்தில் ஒரு வேம்பு, கூரைக்கு மேலே போய்விட்டது. கூரை என்றால் தகடு இல்லை, கம்பிகள்தான். கனக்க இரும்பு அப்போதே போய்விட்டது. அரை மணித்தியாலம் அந்த வேம்புக்குக் கீழே இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது அந்தப் பெடியன் தன் போத்தலில் இருந்து தண்ணீர் தந்தான்.

பரந்தன் பெயரிலேயே அரச கம்பனி இன்றைக்கும் இருக்கிறது. குளோரினை வெளிநாட்டில் இருந்து இறக்கி விநியோகிக்கிறது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உப்பு இங்கே விளைகிறது, வேலை தெரிந்த நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

முரசுமோட்டை:

எங்கள் பசு அந்தக் காணிக்குள் மேயப் போய், பற்றைக்குள் மூடிக் கிடந்த பழைய தொட்டி ஒன்றில் விழுந்துவிட்டது. சினைப்பசு. ட்ராக்டர் கொண்டுவந்து, கயிறு கட்டி, பொழுது படுகிற நேரம்தான் எடுத்தோம். கால் முறிந்திருந்தது. பிழைக்கவில்லை. கட்டடம் எப்போது வருகிறதோ தெரியாது, அந்தக் குழிகளைச் சுற்றி நாலு கம்பியாவது அடிக்கச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகள் குறுக்கால போகிற இடம்.

உமையாள்புரம்:

எல்லாரும் கோபிக்க வேண்டாம். திரும்பவும் இரசாயனத் தொழிற்சாலை வருவதில் எனக்கு விருப்பம் இல்லை. 2018 டிசம்பரில் வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? வெள்ளம் வடிந்து வீடு திரும்பியபோது அம்மா முதலில் கேட்டது கிணற்றைத்தான். இறைத்துக் குளோரின் போட்ட பிறகும், “அந்தப் பழைய காணித் தண்ணியும் கலந்து வந்திருக்குமோ” என்று கன நாள் குடிக்க மாட்டாள். அவளுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் தாமதத்தை எதிர்க்கிறேன், ஆனால் எதையாவது கட்டினால் சரி என்று சொல்ல மாட்டேன்.

அறிவியல் நகர்:

உமையாள்புரம் அக்கா கேட்டது சரியான கேள்வி. நான் இங்கே பொறியியல் பீடத்தில் இறுதி வருடம். உலகத்தில் அந்தக் காலத்துக் குளோரின் ஆலைகள் பலவும் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சப் பாதரசக் கலங்களைப் பாவித்தவை. மூடிய பிறகும் பாதரசம் மண்ணில் பல வருடம் தங்கும். அதனால் இப்படியான காணி எதுவானாலும் முதலில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிப்பதுதான் முறை.

இதையே என் ஆய்வுக்கு எடுக்கலாம் என்று நினைத்து, காணியின் வரைபடம் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, கொழும்பில் இருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. மூன்றாம் முறை போனபோது அங்கே வேலை செய்கிற ஒரு அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “தம்பி, காணி ஒரு இடத்தின்ர, திட்டம் இன்னொரு இடத்தின்ர. இந்த ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து கதைச்சதை நான் பத்து வருசத்தில காணேல்லை. நீங்கள் வேற தலைப்பு எடுங்கோ, படிப்புப் பிழைச்சுப் போயிடும்” என்றார். வேறு தலைப்பு எடுத்தேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என் ஒன்றுவிட்ட தங்கச்சி பரந்தனில்தான் இருக்கிறாள். உயர்தரத்தில் இரசாயனவியலில் நல்ல பெறுபேறு. இப்போது விடிய முன் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்கு வருகிறாள். அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆனால் அவள் படித்த பாடத்துக்கு வேலை அவள் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்திருக்க வேண்டியது.

குமரபுரம்:

எல்லாருடையதையும் இரண்டு தரம் வாசித்தேன். முரசுமோட்டை அண்ணா, பசுவின் கதை எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். மனம் கனத்துப் போய்விட்டது.

2025இல் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறந்தார்கள். அதே வருட வரவு செலவுத் திட்ட உரையில் பரந்தனின் பெயரும் வந்தது. டிவியில் அதைக் கேட்டுவிட்டு மனைவி என் முகத்தைத்தான் பார்த்தாள், அறைகளுக்கு வெள்ளை அடிக்கப் போகிறேனோ என்று. நான் அடிக்கவில்லை. இந்த முறை அளப்பவர்கள் வந்தால் தேத்தண்ணீர் கட்டாயம் உண்டு, ஆனால் எந்த மாதம் என்று எழுத்தில் கேட்பேன்.

அதற்கு முன் ஒரு கடிதம் எழுதுவோம். பெரிய கோரிக்கை ஒன்றும் வேண்டாம். குழிகளுக்கு வேலி, மண்ணுக்கும் கிணறுகளுக்கும் சோதனை, சோதனை முடிவு தமிழில் எங்கள் கையில். தொழிற்சாலையா, வேறு எதுவுமா என்பதை அந்த முடிவைப் பார்த்துப் பேசலாம். அறிவியல் நகர் தம்பி, சோதனை பற்றிய பந்தியை நீங்கள் எழுதித் தாருங்கள். கண்டாவளை ஐயா, எந்தக் கட்டடத்தில் எது இருந்தது என்று உங்கள் ஞாபகத்தில் இருப்பதைப் பேரனிடம் சொல்லி ஒரு படம் கீறுவியுங்கள். எங்கே தோண்டிச் சோதிக்க வேணும் என்று காட்ட அது உதவும். ஞாயிறு பின்னேரம் நான் வந்து எடுக்கிறேன். மகளையும் கூட்டிவருவேன். அவள் கேட்டதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள், ஐயா. அந்த அடையாள அட்டையையும் அவளுக்குக் காட்டுங்கள்.