எஸ்-என் என்றாலே மூக்கா? இரண்டெழுத்தைப் பிடித்துச் சொல் படிக்கலாமா?

சொற்கோவை:
குட்டி ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் உருப்போடுவதைவிட, முதல் இரண்டு எழுத்தை வைத்துக் குடும்பமாகப் படிப்பதே மேல் என்பது என் கட்சி. எஸ்-என் (sn) என்று தொடங்கும் குடும்பத்தைப் பாருங்கள். ‘ஸ்னிஃப்’ மோந்து பார்ப்பது, ‘ஸ்னோர்’ குறட்டை விடுவது, ‘ஸ்னீஸ்’ தும்முவது, ‘ஸ்னார்ட்’ மூக்கால் சீறுவது, ‘ஸ்னவுட்’ பன்றி, நாய் போன்றவற்றின் நீண்ட மூக்கு, ‘ஸ்னாட்’ சளி. ஆறும் மூக்கைச் சுற்றியே நிற்கின்றன. ஜி-எல் வந்தால் ஒளியும் பார்வையும்: ‘க்ளோ’ கனன்று ஒளிர்வது, ‘க்ளீம்’ மெல்ல மின்னுவது, ‘க்ளின்ட்’ பொறிபோலப் பளிச்சிடுவது, ‘க்ளேர்’ கண் கூசும் ஒளி, முறைத்துப் பார்ப்பதும் அதுதான். இப்படிப்பட்ட ஒலிக்கூட்டுகளுக்கு ஆங்கிலேய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930-இல் ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயரே வைத்துவிட்டார்.

வேர்காண்:
‘ஸ்னோ’ பனி, ‘ஸ்னேக்’ பாம்பு, ‘ஸ்னெய்ல்’ நத்தை, ‘ஸ்னாப்’ பட்டென்று ஒடிவது, ‘ஸ்னிப்’ கத்தரியால் நறுக்குவது. இவற்றில் மூக்கு எங்கே? ஜி-எல்லிலும் ‘க்ளவ்’ கையுறை, ‘க்ளூ’ பசை, ‘க்ளம்’ முகவாட்டம். பொருந்துவதை மட்டும் பொறுக்கினால் எந்த இரண்டெழுத்துக்கும் பொருள் கட்டிவிடலாம். மொழியியலாளர் பெஞ்சமின் பெர்கன் 2004-இல் எழுதிய கட்டுரையில் கணக்கே இருக்கிறது: பிரவுன் தொகுப்பில் (ஆய்வுக்காகத் திரட்டிய ஆங்கில உரைகளின் தொகுப்பு) ஜி-எல் சொற்களில் ஒளி, பார்வை சார்ந்தவை சுமார் 39%. எஸ்-என்னில் மூக்கு, வாய் சார்ந்தவை சுமார் 28%தான்.

சொற்கோவை:
39% என்பது வெவ்வேறு சொற்களை எண்ணியது. ஒரு சொல் எத்தனை முறை வருகிறதோ அத்தனையையும் சேர்த்து எண்ணினால் ஜி-எல்லில் அது 60%-ஐ ஒட்டி ஏறுகிறது. அந்தக் கட்டுரையின் மையச் செய்தியையும் விட்டுவிட்டீர்கள். மினுமினுப்பதைக் குறிக்கும் ‘க்ளிட்டர்’ என்ற சொல்லைக் காட்டிய கையோடு ‘க்ளோ’வைக் காட்டினால், சோதனையில் கலந்துகொண்டவர்கள் அதை விரைவாக அடையாளம் காண்கிறார்கள். பொருள் மட்டும் ஒத்த சொற்களோ, எழுத்து மட்டும் ஒத்த சொற்களோ அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை.

வேர்காண்:
எஸ்-என்னிலோ அதே முறையில் எண்ணினால் 28% சுமார் 19%-ஆக இறங்குகிறது, அதையும் சொல்லுங்கள். அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள். இந்தச் சொற்கள் ஏற்கெனவே அவர்கள் மனத்தில் இருப்பவை. புதிதாகக் கற்பவருக்கும் அப்படியே நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

பாடக்குறிப்பு:
நான் வேர்காண் பக்கம், ஆனால் வேறு காரணத்துக்காக. சொல் கற்றலை ஆராய்ந்த தாமஸ் டிங்கம் 1993-இல் சோதித்துப் பார்த்தார்: பொருள் நெருங்கிய சொற்களை ஒரே தொகுப்பாகக் கற்றவர்களுக்கு, தொடர்பற்ற சொற்களைக் கற்றவர்களைவிடக் கூடுதல் முயற்சி தேவைப்பட்டது. 1997-இல் ராப் வேரிங் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் அதே போக்குதான். காரணம் எளிது. நினைவில் இன்னும் ஊன்றாத இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றின் பொருள் இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். சொற்கோவையின் பட்டியலில் பொருளும் நெருக்கம், எழுத்தும் நெருக்கம். ‘க்ளீம்’, ‘க்ளின்ட்’, ‘க்ளிம்மர்’ மூன்றையும் ஒரே நாளில் கொடுத்தால் மறுவாரம் “ஏதோ மின்னுவது” என்பதுதான் மிஞ்சும். எது மெல்லியது, எது பளிச்சிடுவது, எது விட்டுவிட்டு மினுங்குவது என்ற வேறுபாடு போய்விடும்.

சொற்கோவை:
இது நியாயமான தடை. அதனால்தான் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சொல்கிறேன். ஒரு அமர்வில் ஒரே எழுத்து இணை, அதில் 5 சொல், அவற்றுள் 2 விதிவிலக்கு. ‘ஸ்னிஃப்’, ‘ஸ்னோர்’, ‘ஸ்னவுட்’ மூன்றோடு ‘ஸ்னேக்’, ‘ஸ்னாப்’ சேர்த்துக் கொடுத்தால் “எல்லாம் மூக்கு” என்ற குருட்டு விதி மனத்தில் பதியாது. ‘ஸ்னஃப்’ என்ற மூக்குப்பொடியை ‘ஸ்னிஃப்’ ஊன்றிய பிறகே எடுக்க வேண்டும். ஓர் உயிரெழுத்து மட்டும் மாறும் இரட்டைகளை ஒரே நாளில் சேர்க்கவே கூடாது.

எழுத்துக்கூட்டி:
மூக்கையும் ஒளியையும் விடுங்கள். படிப்பவருக்கு உண்மையில் கைகொடுப்பது டபிள்யூ-ஆர் இணை. முதல் எழுத்து ஊமை என்பதால் பலரும் எழுத்துப்பிழை விடும் இடம் இது. பொருளும் பெரும்பாலும் ஒன்றுதான்: முறுக்கு, திருகு, கோணல். ‘ரிங்’ ஈரத்துணியைப் பிழிவது, ‘ரெஞ்ச்’ வெடுக்கென்று திருகுவது, ‘ரிஸ்ட்’ திரும்பும் மணிக்கட்டு, ‘ரீத்’ முறுக்கிக் கட்டிய மலர்வளையம், ‘ரைத்’ வலியில் நெளிவது, ‘ரை’ கோணியது, ‘ராப்’ சுற்றிக் கட்டுவது. தவறு என்று பொருள்படும் ‘ராங்’ சொல்லுக்கும் பழைய பொருள் கோணல்தான். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653-இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இந்த இணைக்கு முறுக்கல் பொருளைக் குறித்திருக்கிறார்.

வேர்காண்:
‘ரைட்’, அதாவது எழுதுவது? பழைய ஆங்கிலத்தில் அது கீறுவது, முறுக்குவது இல்லை. ‘ரென்’ ஒரு சிறு பறவை. ‘ரெக்’ உடைந்த கப்பல். ஆனாலும் டபிள்யூ-ஆர் விஷயத்தில் என் எதிர்ப்பு குறைவு. ‘ரிஸ்ட்’, ‘ரீத்’, ‘ரைத்’ மூன்றும் முறுக்குதல் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இங்கே குடும்பம் என்று சொன்னால் அது வரலாற்று உண்மை. எஸ்-என்னில் அப்படியில்லை. தும்மலைக் குறிக்கும் ‘ஸ்னீஸ்’ முதலில் எஃப்-என் என்று தொடங்கிய சொல். பிறகுதான் எஸ்-என் ஆனது.

சொற்கோவை:
அது என் கட்சிக்குத்தான் வலு. எஃப்-என் தொடக்கம் வழக்கொழிந்தபோது அந்தச் சொல் மூக்குச் சொற்கள் கூடியிருந்த இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘க்ளான்ஸ்’ கதையும் அப்படியே. முதலில் அது வாளோ அம்போ பட்டு வழுக்கிச் செல்வது. இன்று சட்டென்று ஒரு பார்வை பார்ப்பது. வேர் ஒன்றாக இல்லாமலே பேசுகிறவர்கள் மனத்தில் குடும்பம் உருவாகிறது.

பாடக்குறிப்பு:
உருவாவதற்கு நூற்றாண்டுகள் ஆயின. கற்பவருக்கு ஒரு பருவம்தான் இருக்கிறது. என் பரிந்துரை, இணையை எழுத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், பொருளுக்கு வேண்டாம். கே-என் எடுத்தால் ‘நீ’ முழங்கால், ‘நாட்’ முடிச்சு, ‘நைஃப்’ கத்தி, ‘நாக்’ தட்டுவது, ‘நிட்’ பின்னுவது. ஐந்தும் வெவ்வேறு பொருள், அதனால் குழப்பம் இல்லை. எழுதிப் பழகும்போது மட்டும் மனத்துக்குள் ‘க்னைஃப்’, ‘க்னாட்’ என்று அந்த கேயை ஒலித்துக்கொள்ளலாம். முன்பு ஆங்கிலேயரும் அப்படித்தான் ஒலித்தார்கள்; ஜெர்மானியர் முழங்காலை இன்றும் ‘க்னீ’ என்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லும்போது அந்த ஒலி கூடாது.

எழுத்துக்கூட்டி:
சொல்லெழுத வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தனிச்சொல்லாகச் சொன்னால் பிழிவதும் மோதிரமும் காதுக்கு ஒரே ‘ரிங்’. முடிச்சும் மறுப்பும் ஒரே ‘நாட்’. வாக்கியத்தோடு சொல்லாவிட்டால் சரியாகத் தெரிந்தவருக்கும் மதிப்பெண் போகும்.

சொற்கோவை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டபிள்யூ-ஆரை எழுத்துக்கு மட்டும் என்று ஒதுக்க மாட்டேன். பிழிவது எது, மோதிரம் எது என்று தடுமாறுகிறவருக்கு “முறுக்கல் இருந்தால் டபிள்யூ” என்பதைவிட விரைவான பிடி வேறில்லை.

பாடக்குறிப்பு:
அந்த ஒரு இணைக்கு மட்டும் சரி. ‘ரைட்’ சொல்லை விதிவிலக்காக முதல் நாளே சொல்லிவிடுங்கள்.