ஷிப்ட் மாறினால் குதிரைக்கு வயிறு கெடுகிறது, அவசரம்

கோபிக்காரன்: வீட்டில் குதிரை ஒன்று இருக்கிறது. எனக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும். நேற்றிலிருந்து தீனியை மிச்சம் வைக்கிறது, முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டே நிற்கிறது. தினமும் ஒரே நேரத்தில் தீனி போட என்னால் முடியாது. என்ன செய்யலாம்?

செவலை: வயது என்ன? என்ன தீனி, எவ்வளவு? லத்தி போடுகிறதா? அதைச் சொல்லாமல் எப்படிங்க?

பட்டிக்காடு: நல்லெண்ணெய் கால் லிட்டர் வாயில் ஊற்றுங்கள், சரியாகிவிடும்.

செவலை: ஊற்றாதீர்கள்! நுரையீரலுக்குள் போனால் குதிரை போய்விடும்.

கோபிக்காரன்: 6 வயது, கத்தியவார் இனப் பெண்குதிரை, அந்தியூர் சந்தையில் வாங்கியது. வேலைக்குப் போகும்முன் கொள்ளும் தவிடும் 3 கிலோ, வந்தபின் 3 கிலோ. நடுவில் ஒன்றுமில்லை. லத்தி காலையிலிருந்து இல்லை.

செவலை: டாக்டரை இப்போதே கூப்பிடுங்கள். தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனது மேலே திரும்பாது.

லாயம்60: வாங்குமுன் கற்றிருக்க வேண்டும் தம்பி. இரண்டு வேளை தொட்டியை நிரப்பிவிட்டுப் போக இது மாடு இல்லை. குதிரை நாள் முழுக்க மேயும் பிராணி. வயிறு சிறியது, வெறும் வயிற்றிலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். 300 கிலோ குதிரைக்கு நாளைக்கு 5, 6 கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். கொள்ளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மசால்காடு: கொள்ளை வேகவைத்தீர்களா? எங்கள் ஐயா வேகவைக்காமல் போட்டதே இல்லை.

பட்டிக்காடு: ராத்திரி ஊறவைத்தால் போதும். வேகவைத்தால் சத்து போய்விடும்.

மசால்காடு: பச்சைக் கொள்ளில் புரதத்தைச் செரிக்கவிடாத பொருள் இருக்கிறது, வேகவைத்தால்தான் அது குறையும். ஊறியது மட்டும் எப்படிப் போதும்?

பட்டிக்காடு: நாற்பது வருஷமாக எங்கள் குதிரைகள் ஊறியதைத்தான் தின்கின்றன.

செவலை: கொள்ளுச் சண்டை அப்புறம். கோபிக்காரரே, குதிரை தேறியதும் புல்லை வலையில் கட்டித் தொங்கவிடுங்கள், இரவு பகல் தீரக்கூடாது. கொள்ளு தவிட்டைக் குறைத்து மூன்று வேளையாகப் பிரியுங்கள். ஷிப்ட் மாறும்போது அந்த நேரத்தை மட்டும் நாளுக்கு அரைமணி நகர்த்தினால் போதும். பகல் வேளையை வீட்டில் ஒருவர் கையில் கொடுங்கள், தினமும் அதே ஆள். குளம்பைத் தினமும் நீங்களே சுத்தம் செய்யுங்கள். எந்த ஷிப்டாக இருந்தாலும் அதற்குப் பத்து நிமிஷம் கிடைக்கும்.

கோபிக்காரன்: டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டார். விடியற்காலை லத்தி போட்டுவிட்டது. கொள்ளு முழுசு முழுசாகக் கிடந்தது. பகலில் அம்மா புல் போடுகிறேன் என்கிறார். ரொம்ப நன்றிங்க.

செவலை: முழுசாகவா? பல்லைப் பார்த்தாரா? கடைவாய்ப் பல் ஓரம் கூராக இருந்தால் மெல்லாமல்தான் விழுங்கும்.