பந்து பட்டு 9 வயதுப் பையனுக்கு முன்பல் உடைந்துவிட்டது. வேர் சிகிச்சை கட்டாயமா?

கண்டனூர்வாசி:
நேற்று சாயங்காலம் கார்க் பந்து பட்டு மகனுக்கு மேல் முன்பல் குறுக்கே பாதி போய்விட்டது. பல் ஆடவில்லை. உடைந்த இடத்தின் நடுவில் குண்டூசித் தலை அளவு சிவப்பாகத் தெரிகிறது. கிடைத்த துண்டைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறோம். வேர் சிகிச்சை செய்து கேப் போடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

தேவகோட்டை பல் டாக்டர்:
உண்டுங்க. அந்தச் சிவப்பு, நரம்பு வெளியே தெரிவது. இந்த வயதில் வேரின் நுனி மூடியிருக்காது, சுவரும் மெல்லிசு. நரம்பு உயிரோடு இருந்தால்தான் வேர் தடித்து நுனி மூடும். வேர் சிகிச்சையில் அதை முழுக்க எடுத்துவிட்டால் வளர்ச்சி நின்று, பின்னாளில் ஈறோரமாக முறியும். அதனால் ‘பார்ஷியல் பல்பாட்டமி’ (நரம்பில் கொஞ்சம் மட்டும் எடுப்பது) செய்வார்களா என்று கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு (ரப்பர் டாம்) மாட்டி, நரம்பின் மேல்பகுதியை 2 மி.மீ. மட்டும் எடுப்பார்கள். சலைன் (மருத்துவ உப்புநீர்) நனைத்த பஞ்சு வைத்துச் சில நிமிடத்தில் ரத்தம் நின்றால் மிச்ச நரம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நிற்காவிட்டால் இன்னும் ஆழமாக எடுக்கணும். மேலே பயோடென்டின் என்ற பல் சிமென்ட் வைத்து மூடலாம். எம்.டி.ஏ. என்ற இன்னொரு சிமென்ட் வைத்தால் முன்பல் சாம்பல் நிறமாகலாம். ஒரு நாள் கடந்ததால் வாய்ப்பு போய்விடவில்லை, ஆனால் இன்றைக்கே காட்டுங்கள். கேப் இப்போது வேண்டாம், வளர்ந்தபின் பார்க்கலாம். பக்கத்தில் வசதி இல்லையென்றால் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

பள்ளத்தூர் அக்கா (பல் கிளினிக்கில் வேலை):
தம்பி, துண்டை முதலில் காகிதத்திலிருந்து எடுத்து சலைனிலோ தண்ணீரிலோ போடுங்க. காய்ந்த துண்டு சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், பிடிப்பும் குறையும். அரை மணி நேரமாவது ஊறணும். அந்தத் துண்டையே பல்லில் திரும்ப ஒட்டும்போது 37% பாஸ்பாரிக் ஆசிட் ஜெல் தடவிக் கழுவி, பாண்டிங் (ஒட்டும் திரவம்) பூசி, காம்போசிட் (பல் நிறப் பசை) வைத்து, அது இறுக லைட் அடிப்பார்கள். அந்த நேரம் எச்சில் பட்டால் ஒட்டு சீக்கிரம் விட்டுப்போகும். ஒட்டின பல்லால் சீப்புச் சீடை, முறுக்கு, கரும்பு கடிக்கவே கூடாது. கடைவாயில் வைத்து மெல்லச் சொல்லுங்க.

கண்டனூர்வாசி:
நன்றிங்க. துண்டு, பல்லில் உடைந்துபோன பகுதியைவிடச் சின்னதாக இருக்கிறது. கீழுதட்டிலும் வெட்டு இருக்கு.

தேவகோட்டை பல் டாக்டர்:
அப்படியென்றால் மீதி உதட்டுக்குள் புதைந்திருக்கலாம். தையல் போடுமுன் உதட்டுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இருமல், மூச்சிரைப்பு இருந்தால் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டும். டெட்டனஸ் ஊசிக் கணக்கைப் பாருங்கள். பிறகு 6–8 வாரம், 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்ரேயோடு பரிசோதனை. நடுவில் பல் கறுத்தாலோ ஈறில் கொப்புளம் வந்தாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.