மேட்ச் காட்டுகிறவரே பெட்டும் நடத்தினால்?

கேள்வி: கொலுசுப்பட்டறை

செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். ஐபிஎல் சீசன் வந்தால் போன் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கும், கை கொலுசில் இருக்கும், காது கமெண்ட்ரியில் இருக்கும். 2024 சீசனில் என் மச்சினன் போனில் பணம் கட்டி டீம் போடும் ஆட்டத்தில் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே விட்டான். ஏண்டா என்று கேட்டால், "இன்னிக்கு இவர்தான் அடிப்பார்னு மேட்ச் காட்டுறவங்களே சொன்னாங்க மாமா" என்கிறான்.

அவன் பார்த்த நிகழ்ச்சியை நானும் தேடிப் பார்த்தேன். பழைய ஆட்டக்காரர் ஒருவர் பிட்ச் எப்படி, பனி விழுமா என்று நன்றாகத்தான் பேசுகிறார், அடுத்த நிமிடமே அதே வாயால் யாரைக் கேப்டனாகப் போடலாம் என்கிறார், கீழே லிங்க் ஓடுகிறது. நிகழ்ச்சி நடத்துகிறவரும் காசு வாங்குகிறவரும் கூட்டாளிகள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மேட்சை ஃபிக்ஸ் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது சரியா?

பதில்: அஞ்சுரோடு அண்ணாச்சி

தம்பி, 2003-இல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன்னால் நம்ம ஊரில் சீட்டு வாங்கி வாங்கியே அழிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்தக் கமெண்டேட்டர் வந்து சொன்னார்? ஆசை உங்க மச்சினனுடையது, டிவியைக் குறை சொல்லாதீங்க.

பதில்: வழக்குமன்றம்

அண்ணாச்சி, லாட்டரிக் கடைக்காரர் குலுக்கலுக்கு வர்ணனை சொல்லவில்லையே. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

வெளிநாட்டில் இது பழைய கதை. இங்கிலாந்தில் மேட்ச் காட்டிய ஸ்கை நிறுவனமே ஸ்கை பெட் நடத்தியது, 2014-இல் பெரும்பங்கை விற்றுவிட்டது, ஆனால் பெயர் அப்படியே நின்றது. அமெரிக்காவில் 2023-இல் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் தன் பெயரையும் விளம்பரத்தையும் பென் என்ற சூதாட்ட நிறுவனத்துக்குப் பத்து வருடத்துக்குக் கொடுத்தது, ஒப்பந்தம் 150 கோடி டாலர். ஈஎஸ்பிஎன் பெட் இரண்டு வருடம்தான் ஓடியது, 2025 இறுதியில் கைவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இன்னும் மோசம், சேனல் நைனின் ரக்பி ஒளிபரப்பில் டாம் வாட்டர்ஹவுஸ் என்ற புக்கியே நிபுணர் மாதிரி வந்து பேசினார், மக்கள் கொதித்துப்போய் 2013-இலேயே கமெண்டேட்டர்கள் நேரலையில் பெட்டிங் விகிதம், அதாவது கட்டின காசுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு, சொல்வதற்குத் தடை வந்தது.

எனக்கு மறக்காதது ஷாம்ஸ் சரானியா விஷயம். என்பிஏ கூடைப்பந்தில் பெரிய செய்தியாளர், அப்போது ஃபேன்டூயல் என்ற பெட்டிங் நிறுவனத்தின் டிவிக்கும் வேலை செய்தார். 2023 ஜூனில் புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்யும் நாளன்று, இரண்டாவது இடத்துக்கு ஸ்கூட் ஹென்டர்சன் பெயர் பலமாக அடிபடுகிறது என்று ட்வீட் போட்டார். உடனே பெட்டிங் விகிதம் தலைகீழ். கடைசியில் எடுக்கப்பட்டது வேறு ஆள். செய்தி எங்களுக்கு முன்பே தெரியாது என்று ஃபேன்டூயல் சொன்னது, அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் பார்க்கிறவனுக்கு அதைச் சோதிக்க வழி கிடையாது, பாருங்கள். காயம், டாஸ், பிளேயிங் லெவன் எல்லாமே பெட் கட்டுகிறவனுக்குச் சரக்கு, அதை முதலில் கையில் வைத்திருப்பவரே கடையும் வைத்தால் எது செய்தி, எது கூவி விற்பது என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: வாழப்பாடி கேலரி

வாழப்பாடி கிரவுண்டில் டிஎன்பிஎல் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். விக்கெட் விழுந்ததும் தங்கச்சிக்கு போன் செய்து கத்தினால், அவள் வீட்டு மொபைலில் பவுலர் இன்னும் ஓடி வரவே இல்லை! இந்த இடைவெளியில்தான் பந்துக்குப் பந்து பெட் கட்டுகிறார்கள். நேரடி ஃபீட் கையில் இருக்கிற ஆளுக்கும் ஏற்காடு மலையில் சிக்னல் சுற்றச் சுற்றப் பார்க்கிறவனுக்கும் ஒரே ஆட்டமா இது?

பதில்: மூடுபனி

நான் ஏற்காட்டில்தான் இருக்கிறேன், இங்கே சிக்னல் வந்தால் அதுவே பெரிய விஷயம். :)

சட்டப்படி பார்த்தால், இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்துவிட்டது, டீம் போடவைத்த ட்ரீம்11 ஆப் உடனே கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. அதே ட்ரீம் ஸ்போர்ட்ஸ் குழுமத்தில்தான் மேட்ச் காட்டும் ஃபேன்கோடும் இருக்கிறது. இந்த மாதிரி ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் நடத்துகிறவருக்கு நுழைவுக் கட்டணத்தில் பங்கு வந்துவிடும், அதனால் யார் ஜெயிக்கவேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை, எத்தனை பேர் டீம் போடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. உங்க மச்சினனுக்குத் தவறான தகவல் சொல்லியிருக்கவே தேவையில்லை, "இன்னிக்கு நிச்சயம்" என்ற ஒரு குரல் போதும்.

இரட்டை வேடம் நமக்குப் புதுசும் இல்லை. கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த சீனிவாசனின் நிறுவனமே சென்னை அணியையும் வைத்திருந்ததே. நிர்வாகிகளுக்கு ஐபிஎல்லில் வியாபாரப் பங்கை அனுமதித்த விதி செல்லாது என்று 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் தப்பு செய்தாரா இல்லையா என்பதோடு நிற்காமல், அந்த நாற்காலியிலேயே சிக்கல் இருக்கிறது என்றார்கள். டிவிக்காரருக்கும் அதே அளவுகோலை வைக்கலாமே.

பதில்: கொலுசுப்பட்டறை

எல்லோருக்கும் நன்றி. மச்சினனிடம் அந்த ஹென்டர்சன் கதையைச் சொன்னேன். ரொம்ப கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டாவதா யாரைத்தான் எடுத்தாங்க மாமா?" என்றான். தேடிப் பார்த்து, பிராண்டன் மில்லர் என்றேன். "நான் அவனைத்தான் போட்டிருப்பேன்" என்கிறான்.