குடும்பத் திட்டத்தில் ஒரே எண்ணில் மட்டும் அளவுக்கு மீறிய மொபைல் டேட்டா: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர்: கடலோரக்காற்று

நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், என் அம்மா ஆகிய நால்வரும் ஒரே போஸ்ட்பெய்டு குடும்பத் திட்டத்தில் இருக்கிறோம். மாதம் 30 ஜிபி மொபைல் டேட்டா நால்வருக்கும் பொதுவானது; அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம் விதிக்கப்படும். வீட்டில் வைஃபை இருப்பதால், நீண்ட காலமாக அந்த 30 ஜிபியில் ஒரு பகுதி மாதக் கடைசியில் மிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. கடைசியாக வந்த இரண்டு பில்களிலோ மாதம் முடிய பத்து நாட்களுக்கு மேல் இருக்கும்போதே முழு அளவும் தீர்ந்துபோய், கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கிறது.

எண்வாரியான விவரத்தைப் பார்த்தபோதுதான் குழப்பம் அதிகமானது. நான் மகனைத்தான் சந்தேகித்தேன். ஆனால் 19 ஜிபி அம்மாவின் எண்ணில் செலவாகியிருப்பதாகப் பில் சொல்கிறது. அவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவர். வாட்ஸ்அப்பில் உறவினர்களுடன் பேசுவார், மாலையில் யூடியூபில் சொற்பொழிவு கேட்பார். அதுவும் வீட்டு வைஃபையில்தான். அவருடையது சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்.

அதைவிட வியப்பானது நேரம். பெரிய பதிவுகள் எல்லாமே நள்ளிரவுக்குப் பின் வருகின்றன; ஒரே வரியில் 2 ஜிபி, 3 ஜிபி என்று இருக்கிறது. அம்மா ஒன்பதரை மணிக்கெல்லாம் உறங்கிவிடுவார். வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, "உங்கள் எண்ணிலிருந்துதான் பயன்பாடு நடந்திருக்கிறது, எங்கள் அளவீட்டில் பிழை இல்லை" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். போனை யாரோ ஹேக் செய்திருக்கிறார்கள் என்பது மகனின் கருத்து. எதிலிருந்து தேடத் தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மென்பொறி

ஹேக் என்ற முடிவுக்கு அதற்குள் போக வேண்டாம். இந்தச் செலவு எங்கே போனது என்று அந்தப் போனே பெரும்பாலும் எழுதிவைத்திருக்கும். அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் மொபைல் டேட்டா பயன்பாடு என்ற பக்கத்தைத் திறந்து, முதல் வேலையாக அதிலுள்ள பில்லிங் சுழற்சி தொடங்கும் தேதியை உங்கள் பில்லின் தேதியோடு பொருத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் போன் 1 முதல் 30 வரையிலான கணக்கையும், நிறுவனம் வேறு ஒரு தேதியிலிருந்து தொடங்கும் கணக்கையும் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. தேதியை மாற்றிய பிறகு, மேலே இருக்கும் தேதிப் பட்டியலில் முந்தைய சுழற்சியையும் தேர்ந்தெடுத்துப் பார்க்க முடியும் என்பதால், அடுத்த பில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்தப் பக்கத்தில் செயலிகள் பயன்பாட்டு அளவின்படி வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டால், திரையில் திறந்திருந்தபோது எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். உறங்கும் நேரத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் செலவு உண்மையானால் அது பின்னணிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். படங்களை மேகத்தில் (இணையவழிச் சேமிப்பிடத்தில்) சேமிக்கும் செயலிக்கு மொபைல் டேட்டாவிலும் பதிவேற்றலாம் என்று அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலர் பதிவிறக்கத்தை மட்டுமே நினைக்கிறார்கள், பதிவேற்றமும் அதே கணக்கில்தான் சேரும். செயலிகளின் பெயர்களுக்கு இடையே ஹாட்ஸ்பாட் அல்லது டெதரிங் (போனின் மொபைல் டேட்டாவை வேறு கருவிகளுக்குப் பகிர்வது) என்று ஒரு வரியும், நீக்கப்பட்ட செயலிகள் என்று ஒரு வரியும் இருக்கலாம். அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. வைஃபை சமிக்ஞை பலவீனமாக இருந்தாலோ, வைஃபை இணைந்திருந்தும் அதில் இணையம் வராமல் இருந்தாலோ, தானாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் வசதி பல போன்களில் இருக்கிறது. போனைத் தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்து இதன் பெயர் வேறுபடும். வைஃபை அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் தேடுங்கள். உங்கள் அம்மாவின் அறை ரவுட்டரிலிருந்து தொலைவில் இருக்கிறதா? 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது என்றாலும், சுவர்களைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவுக்குத் திறமையானது அன்று. வைஃபையில்தான் பார்க்கிறோம் என்று நம்பிக்கொண்டே ஒரு மணி நேரக் காணொளியை மொபைல் டேட்டாவில் பார்த்து முடித்துவிட முடியும். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்தில் 2.25 ஜிபியை எடுத்துக்கொள்ளும் என்பதால், இப்படிச் சில மாலைகள் போனாலே கணக்கு எங்கோ போய்விடும்.

பதில்: சிவந்திமலர்

என் அனுபவத்தில் இதற்கெல்லாம் ஒரே தீர்வு ஃபேக்டரி ரீசெட்தான். எந்தச் செயலி என்று துருவிக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது விரைவானது.

பதில்: தொலைபேசிக்கணக்கன்

தயவுசெய்து இப்போது ரீசெட் செய்ய வேண்டாம். அப்படிச் செய்தால் போனிலுள்ள பயன்பாட்டுப் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். நிறுவனத்தோடு வாதாட உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான். முதலில் மென்பொறி சொன்ன பக்கங்களைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

தொலைத்தொடர்புப் பில்லிங் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நேரத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இந்த நள்ளிரவு வரிகளை வைத்துத்தான் பிள்ளைகள் மீது பழி விழுகிறது. குரல் அழைப்புக்குத் தொடக்கமும் முடிவும் தெளிவாக உண்டு. டேட்டாவுக்கு அப்படி இல்லை. போன் நெட்வொர்க்கில் பதிவானதும் ஓர் இணைப்பு திறக்கப்படுகிறது, அது மணிக்கணக்கில் திறந்தே இருக்கலாம். அந்த இணைப்பில் ஓடும் அளவை நெட்வொர்க்கின் நுழைவாயில் எண்ணிக்கொண்டே வந்து, குறிப்பிட்ட அளவை எட்டியதும், அல்லது குறிப்பிட்ட நேரம் கடந்ததும், அல்லது இணைப்பு முடிந்ததும் ஒரு பதிவை எழுதி பில்லிங் அமைப்புக்கு அனுப்புகிறது. உங்கள் பில்லில் அச்சாகும் நேரம் அந்தப் பதிவு திறந்த நேரமாகவும் இருக்கலாம், மூடிய நேரமாகவும் இருக்கலாம். எது என்பது நிறுவனத்தின் ஏற்பாட்டைப் பொறுத்தது. ஆகவே மாலை ஏழு மணிக்குப் பார்த்த காணொளி நள்ளிரவு 12.40 என்ற வரியில் வந்து உட்காருவது முற்றிலும் சாத்தியம். அந்த நேரத்தைக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக்குவது நியாயமாகாது.

அளவைப் பொறுத்தவரை நிறுவனத்தின் கணக்கும் போனின் கணக்கும் சில விழுக்காடு வேறுபடுவது இயல்பு. 1,000 வீதம் பெருக்கினால் ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். 1,024 வீதம் பெருக்கினால் ஏறத்தாழ 107.4 கோடி பைட். இரு தரப்பும் வெவ்வேறு முறையில் கணக்கிட்டால் இதனால் மட்டுமே ஏழு விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். ஆனால் போன் 6 ஜிபி என்று காட்டி, பில் 19 ஜிபி என்று சொன்னால், அதை இந்தக் காரணங்களால் விளக்க முடியாது. அப்போது எழுத்துமூலம் புகார் கொடுத்து, பதிவுவாரியான விவரத்தைக் கேளுங்கள். தொலைபேசியில் பேசுபவருக்குப் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிவதைவிட அதிகம் திரையில் தெரியாது.

கடலோரக்காற்று எழுதியது:

இருவருக்கும் நன்றி. சுழற்சித் தேதியை மாற்றிப் பார்த்தபோது, போனின் கணக்கு 18 ஜிபிக்குச் சற்று மேலே நிற்கிறது. ஆகவே நிறுவனத்தின் அளவீட்டைக் குறைசொல்ல வழியில்லை. யூடியூப் 3 ஜிபி அளவில் இருக்கிறது. எனக்குத் திகைப்பூட்டியது ஹாட்ஸ்பாட் என்ற வரிதான்: அதில் மட்டும் 14 ஜிபி.

மகனிடம் கேட்டேன். இரண்டு மாதங்களுக்கு முன் வீட்டு இணையம் ஒரு நாள் முழுக்க இல்லாதபோது, தேர்வுக்குப் படிப்பதற்காகப் பாட்டியின் போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்கித் தன் மடிக்கணினியை இணைத்திருக்கிறான். அதன்பின் தான் அதைத் தொடவே இல்லை என்கிறான், நான் அவனை நம்புகிறேன். ஆனால் ஹாட்ஸ்பாட் இன்றுவரை அணைக்கப்படாமல் இருந்திருக்கிறது. வீட்டு வைஃபை இருக்கும்போது மடிக்கணினி ஏன் போனின் ஹாட்ஸ்பாட்டைத் தேடிப் போகிறது? மேலும், அவன் பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வதற்கு 14 ஜிபி எப்படிச் செலவாகும்?

பதில்: மென்பொறி

உங்கள் மகன் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். மடிக்கணினி ஒருமுறை கடவுச்சொல்லைப் பெற்றுவிட்டால், 'தானாக இணை' என்ற குறியோடு அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும். ரவுட்டர் சில நொடிகள் தடுமாறினாலோ, கணினி உறக்கத்திலிருந்து விழிக்கும்போது வீட்டு வைஃபை கைக்கு எட்டாமல் போனாலோ, பக்கத்தில் கிடைக்கும் அறிமுகமான இன்னொரு பெயரில் போய் இணைந்துகொள்ளும். இணைப்பு நன்றாக இருக்கும்வரை அங்கேயே இருக்கும். திரையில் வழக்கமான வைஃபை குறிதான் தெரியும் என்பதால் பயனருக்கு வேறுபாடு புலப்படாது.

அந்த அளவு எப்படி வந்தது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. போன், தான் மொபைல் டேட்டாவில் இருப்பதை அறிந்து அடக்கமாக நடந்துகொள்ளும். கணினிக்கு அந்த அடக்கம் கிடையாது. விண்டோஸைப் பொறுத்தவரை ஹாட்ஸ்பாட் என்பதும் எல்லையற்ற ஒரு வைஃபைதான். இயங்குதளத்தின் அப்டேட், விளையாட்டுகளின் அப்டேட், மேகத்தோடு ஒத்திசையும் கோப்புறைகள் எல்லாம் யாரும் கேட்காமலேயே இறங்கவும் ஏறவும் தொடங்கிவிடும். ஒரு பெரிய விளையாட்டின் அப்டேட் மட்டுமே பல ஜிபி இருக்கக்கூடும். மடிக்கணினியில் அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து, 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (அளவுக் கட்டுப்பாடுள்ள இணைப்பு) என்ற தேர்வை இயக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான தானியங்கி அப்டேட்களும் ஒன்டிரைவ் என்ற மேகச் சேமிப்பின் ஒத்திசைவும் நின்றுவிடும். இனிமேல் தேவையே இல்லை என்றால், நினைவில் உள்ள பெயரையே அழித்துவிடுவது இன்னும் நல்லது. போனில் ஹாட்ஸ்பாட் அமைப்புகளுக்குள், எந்தக் கருவியும் இணையாதபோது தானாக அணையும் தேர்வு இருந்தால் அதையும் இயக்குங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

மீதமுள்ள யூடியூப் 3 ஜிபிக்கும் ஒரு விளக்கம் தோன்றுகிறது. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டை இயக்கினால் அந்தப் போனின் வைஃபை இணைப்பு துண்டிக்கப்படும், இரண்டும் ஒரே நேரத்தில் இயங்காது. அப்படியானால் உங்கள் அம்மா வைஃபையில் இருப்பதாக எண்ணி மாலைச் சொற்பொழிவுகளை மொபைல் டேட்டாவில்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஹாட்ஸ்பாட்டை இயக்கியபடியே திரையின் மேல்பட்டையைப் பாருங்கள், வைஃபை குறி மறைந்துவிட்டால் ஐயமே இல்லை.

பதில்: பனிமலை

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டிலும் இதே தேடலில் இறங்கினேன். என் கணவரின் ஐபோனில் நடப்புக் காலம் என்ற இடத்தில் 186 ஜிபி என்று காட்டுகிறது. எங்கள் திட்டத்தின் மொத்த அளவே அவ்வளவு இல்லை.

பதில்: மென்பொறி

அது மாதக் கணக்கு அன்று. ஐபோனில் அந்த எண்ணிக்கை நீங்களாகச் சுழியமாக்கும்வரை கூடிக்கொண்டே போகும். பக்கத்தின் அடியில் கடைசியாகச் சுழியமாக்கிய தேதி இருக்கும். பில் தேதியன்று ஒருமுறை சுழியமாக்கிவிட்டு அடுத்த மாதம் ஒப்பிடுங்கள். அதே பகுதியில் 'வைஃபை அசிஸ்ட்' என்றொரு வசதி இருக்கும். 2015-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 9-உடன் வந்தது, இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். வைஃபை பலவீனமாகும்போது மொபைல் டேட்டாவைத் துணைக்கு அழைப்பது இதுதான். இதனால் எவ்வளவு செலவாயிற்று என்று அதன் கீழேயே அளவும் காட்டும். 5ஜி போனாக இருந்தால், '5ஜியில் கூடுதல் டேட்டாவை அனுமதி' என்ற தேர்வையும் பாருங்கள். அது இயங்கினால் காணொளித் தரம் உயர்வதோடு, இயங்குதள அப்டேட்கூட மொபைல் டேட்டாவில் இறங்கக்கூடும்.

கடலோரக்காற்று எழுதியது:

ஹாட்ஸ்பாட்டை இயக்கியதும் வைஃபை குறி மறைந்துவிட்டது. மடிக்கணினியில் அந்தப் பெயரை நீக்கிவிட்டோம். கடைசியாக ஒரு கேள்வி: அம்மாவின் எண்ணுக்கு மாதம் 5 ஜிபி என்று உச்சவரம்பு வைத்துவிடலாமா?

பதில்: தொலைபேசிக்கணக்கன்

வைக்கலாம். ஆனால் இரண்டு இடங்களில் வைக்க முடியும் என்பதையும், இரண்டும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டில் எச்சரிக்கை அளவு, துண்டிப்பு அளவு என இரண்டு உண்டு. ஹாட்ஸ்பாட் வழியே போவதும் இந்தக் கணக்கில் சேரும். நிறுவனத்தின் செயலியில் எண்வாரியான வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதுவே மேலானது, ஏனெனில் பில் போடப்படுவது அந்தக் கணக்கின்படிதான்.

வயதானவர் போன் என்பதால் துண்டிப்பு அளவைப் பற்றி மட்டும் ஒரு முறை யோசியுங்கள். அதை எட்டியதும் மொபைல் டேட்டா முழுவதும் நின்றுவிடும். சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நடக்கும் என்றாலும், வெளியே இருக்கும்போது வாட்ஸ்அப் அழைப்போ வரைபடமோ எதுவும் இயங்காது, அதற்கான காரணமும் அவருக்குப் புரியாது. நானாக இருந்தால் 3 ஜிபியில் எச்சரிக்கையையும், 8 ஜிபியில் துண்டிப்பையும் வைத்து, எச்சரிக்கை வந்தால் உங்களிடம் காட்டச் சொல்லிவைப்பேன்.