சைக்கிளில் அம்பேத்கரின் மும்பை

கேள்வி: சயான் கோலிவாடாவில் இருக்கேன். அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று இடங்களைச் சைக்கிளில் சுத்திக் காட்டுறாங்க. இங்கே அம்பேத்கர் வாழ்ந்த இடங்களைப் பையனோட அப்படிப் பார்க்கணும். எங்கே தொடங்கலாம்?

தாராவிக்காரன்: பரேல் பி.ஐ.டி. சால்தான் அண்ணே, பாம்பே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டின ஒற்றை அறைக் குடியிருப்பு. ஒண்ணாம் நம்பர் கட்டடம், ரெண்டாவது மாடி, 50, 51 அறைகள். 1912 முதல் 1934 வரை அவர் குடும்பம் அங்கே இருந்தது. அவ்வளவு சின்ன அறைகளைப் பையன் கண்ணால பார்க்கணும். அப்புறம் அம்பேத்கர் ரோட்டிலேயே வடக்கே மிதிச்சா தாதர் இந்து காலனி, அங்கே அவரோட ராஜகிருஹம். புத்தகங்களை மனசுல வெச்சுக் கட்டின வீடு! 1946ல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதினதை அங்கேயே சொல்லுங்க. கடைசியா சைத்யபூமி, சிவாஜி பார்க் பக்கத்துல அவரைத் தகனம் செஞ்ச இடம்.

மாட்டுங்கா அக்கா: அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6ல மட்டும் சைக்கிள் வேண்டாம் தம்பி. சிவாஜி பார்க் முழுக்க லட்சக்கணக்கில் ஜனம். பையனோட நடந்தே போய் வரிசையில நில்லுங்க.