புதுப்பிப்பு: ஃபோர்ட்சன் 'என்' கிளம்பிவிட்டது

திருமங்கலம் பக்கம் தாத்தா தோப்பில் கிடந்த ஃபோர்ட்சன் 'என்' டிராக்டரில், எவ்வளவு சுற்றினாலும் பிளக்கில் பொறி வரவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பிளக், வயர் மாற்றியும் பலனில்லை. மேக்னெட்டோவின் (பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) இம்பல்ஸ் கப்ளிங்கை (மெதுவாகச் சுற்றினாலும் மேக்னெட்டோவை வெடுக்கென்று சுழற்றும் ஸ்பிரிங் இணைப்பு) பார்க்கச் சொன்ன விருதுநகர் அண்ணன் யோசனைதான் பலித்தது. பழைய கிரீஸ் கோந்தாக இறுகிக் கிடந்தது. ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். இப்போது கைப்பிடியைச் சுற்றினால் 'டக்' என்கிறது. அந்தச் சத்தம் இல்லையென்றால் முதலில் அங்கே பாருங்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன்.

எதிர்பாராதது: பச்சை பெயிண்டுக்கு அடியில் ஆரஞ்சு! அது 1937 முதல் 1940 வரை இந்த டிராக்டரைச் செய்த இங்கிலாந்தின் டேகனம் ஃபோர்டு ஆலை அடித்த நிறம். பச்சை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்தது. ஏரோட்ராமில் விமானம் இழுத்த வண்டி என்பார் தாத்தா. ஆனால் அதற்கு அடையாளமாக பிரிட்டிஷ் விமானப்படையின் நீலச்சாம்பல் பெயிண்ட் ஒரு பொட்டுகூட இல்லை.